மாரிச்செல்வியின் மெசேஜ்

ஆவணி 13, வெள்ளிக்கிழமை

பக்கத்து மெஷினில் தைக்கும் மாரிச்செல்வி, தான் மூன்று மாதம் முழுகாமல் இருப்பதை நேற்று எனக்கு மட்டும் எழுதியிருந்தாள். சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் தையலிலிருந்து எடுத்துவிடுவார், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் எழுதியிருந்தாள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து என் தங்கைக்கு அனுப்பப் போய், கம்பெனி குரூப்பில் போட்டுவிட்டேன். உடனே அழித்தேன். அதற்குள் பலர் பார்த்துவிட்டார்கள்.

இன்று காலை அவளைத் தையலிலிருந்து எடுத்து, நூல் பிசிறு வெட்ட அனுப்பிவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் போய், “கை தவறிப் போச்சு கண்ணு” என்றேன்.

“குரூப்புல கை தவறித்தான் போட்டீக, சரிக்கா. ஸ்கிரீன்ஷாட்டும் கை தவறித்தான் எடுத்தீகளா?” என்று கேட்டாள்.

தங்கைக்கு அவளை யாரென்றே தெரியாது. புதுச் சேதி சொல்லும் ஆசையில்தான் எடுத்தேன்.