அப்பா பெயரில் ஓடிய சைக்கிள்

என் செல்ல அண்ணனுக்கு,

முதலில் நல்ல செய்தி. உன் சைக்கிள் பத்திரமாக இருக்கிறது. அதை ஓட்டிய நான்தான் அவ்வளவு பத்திரமாக இல்லை. முழங்கால் முழுக்கச் சிராய்ப்பு, காதுக்குள் இன்னும் புழுதி, உட்காருகிற இடத்தைப் பற்றிக் கேட்கவே கேட்காதே. ஆனாலும் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் முகத்தைவிட்டுச் சிரிப்பு இறங்க மாட்டேன் என்கிறது.

உன் மலை சைக்கிள் திருவிழாவுக்கு அப்பாவை அழைத்துப் போனேன். நம்புகிறாயா?

நீ போனபோது விசா கிடைக்காமல் கோபியிலேயே தவித்துக் கிடந்தவர், இந்த வசந்தத்தில்தான் இங்கே டப்ளினுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்த வாரமே எங்கள் கராஜில் இருந்த உன் சமையலறைப் பெட்டியைப் பிரித்தார். மேலே ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு டம்ளர். அதற்குமேல் பெட்டியைத் துழாவாமல் மூடிவிட்டார். அன்றிலிருந்து ஒரே பேச்சுதான். "எம்பையன் நாதியத்துப் போயிட்டான் அம்மிணி. தூக்கத்துல நெஞ்சு நின்னுபோச்சு, பக்கத்துல ஒரு மனுசன் இல்ல."

உனக்கு எத்தனை கூட்டாளிகள் என்று நான் சொன்னதெல்லாம் ஆறுதலுக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் ஊருக்குத் திரும்புகிறார். இந்த நினைப்போடு அவரை ஃப்ளைட் ஏற்றிவிட எனக்கு மனசே வரவில்லை.

அப்போதுதான் உன் டீமின் மார்க் கூப்பிட்டான். ஆறு மணி நேர ரிலே, நாலு பேர் மாறி மாறிச் சுற்ற வேண்டும், உன் இடம் காலியாக இருக்கிறது, கடைசிச் சுற்றை என்னை வந்து ஓட்டச் சொன்னான். நான் காய்கறிக் கடைக்குக்கூட காரில் போகிறவள் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன்.

மைதானம் நீ வர்ணித்தபடியே இருந்தது. கூடாரங்கள், நாய்கள், டாக்கோ வண்டிக்கு முன்னால் நீண்ட வரிசை, கோழி வேஷம் போட்டுக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிற ஒரு தாத்தா. மப்ளர் சுற்றிய அப்பா மடக்கு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். வேடிக்கை பார்ப்பவர்கள் கையில் எல்லாம் மாட்டு மணி! அதைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

"ஏன் அம்மிணி, இங்கயும் மாட்டுப் பொங்கலா?"

யாரோ அவர் கையிலும் ஒன்றைக் கொடுத்தார்கள். கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "நாக்கு ரொம்பச் சிறுசு. நம்மூர்ல கட்டுனா மாடே சிரிக்கும்" என்றார். ஆனால் திருப்பிக் கொடுக்கவில்லை.

என் முறை நெருங்கியது. மைக்கில் ஒருவர், "நெக்ஸ்ட், ரைடிங் ஃபார் அவர் டியர்... டாங்கவெல்!" என்று கத்தினார். அவ்வளவுதான். மைதானமே எழுந்துகொண்டது. டாங்கவெல்! டாங்கவெல்! மணிச் சத்தத்தில் காது அடைத்தது.

அப்பா சட்டென்று எழுந்து நின்றார். நாலு திசைக்கும் கும்பிடு போட்டார். பிறகு என் பக்கம் குனிந்து, "என்னைய எப்படித் தெரியும் இவிங்களுக்கு?" என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. முதல் வருஷம் பதிவு செய்தபோது நம் பள்ளிக்கூட வழக்கப்படி இனிஷியலை விரித்து அப்பா பெயரை முன்னால் வைத்தாயே! முதல் பெயர் தங்கவேல், கடைசிப் பெயர் செந்தில். அன்றிலிருந்து அந்த மலைக்கு நீ தங்கவேல்தான். நம் வீட்டில் அப்பா பெயரை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் முதுகு பழுத்திருக்கும். இங்கே ஊரே கூவுகிறது. மாற்றித் தொலையேன் என்று நான் சொன்னதற்கு நீ சொன்னாய்: "இருக்கட்டும் பாப்பா. மேட்டுல மூச்சு முட்டறப்ப அப்பா பேரச் சொல்லி நாலு பேரு கத்துனா, எறங்கித் தள்ள வெக்கமா இருக்குமல்ல?"

அதை அப்பாவிடம் சொல்ல நேரமில்லை. எனக்கு முந்தைய சுற்றை முடித்துக்கொண்டு மார்க் வந்துவிட்டான். "உங்களையில்லீங்கப்பா, அண்ணனைத்தான்! இங்க அண்ணன் பேரே தங்கவேலுதான்!" என்று கத்திவிட்டு மிதித்தேன்.

மீதியை எங்களோடு வந்திருந்த உன் மச்சான் சொல்லித்தான் தெரியும். அப்பாவைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டதாம். தங்கவேலின் அப்பா பெயரும் தங்கவேலா என்று அவர்களுக்கு ஒரே குழப்பம். ஆளாளுக்கு உன் கதையைச் சொல்ல, மச்சான் மொழிபெயர்த்திருக்கிறார். அப்பா எல்லாரிடமும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். "எம்பையன் உங்களோட உக்காந்து சாப்புட்டிருக்கானா?"

ஒரு அம்மாள் சிரித்துவிட்டாராம். வருஷா வருஷம் நீ புளிசாதம் கிண்டிக்கொண்டு வந்து, சாப்பிடாமல் யாரையும் விட்டதில்லை என்றாராம். "பாத்திரம் பெருசா?" என்று கேட்டிருக்கிறார் அப்பா. அந்த அம்மாள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாராம். அப்பா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

நானா? ஓக் மரங்களுக்கு நடுவே அந்த மேட்டில் இறங்கித்தான் தள்ளினேன். மன்னித்துக்கொள். தாண்டிப் போன ஒவ்வொருவரும் சைக்கிளில் இருந்த உன் பெயர்ப்பலகையைப் பார்த்து "கோ டாங்கவெல்!" என்றார்கள். நீ சொன்னது உண்மைதான் அண்ணா, வெட்கமாக இருந்தது. மறுபடி ஏறிக்கொண்டேன்.

இறக்கத்தில் ஒருமுறை விழுந்து எழுந்து, கடைசி வளைவுக்கு வந்தபோது நேரம் முடியப்போகிறது என்று எல்லாரும் கையை ஆட்டினார்கள். அத்தனை மணிச் சத்தத்தையும் மீறி ஒரு குரல் கேட்டது. உன் காரியத்துக்குப் பிறகு ஃபோனில்கூட உயராத குரல்.

"விடாதடா தங்கவேலு! மிதி சாமி! இதோ வந்துட்டே, வந்துட்டே!"

மப்ளர் கழுத்தில் இல்லை. மணியைத் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டு, தன் பெயரைத் தானே தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டு கோட்டருகே நின்றிருந்தார். அவர் பார்த்தது என்னையா, உன்னையா?

நேரம் முடிந்ததற்கான ஹாரன் முதலில் ஒலித்ததா, நான் முதலில் வந்தேனா என்று மார்க் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான். எப்படிப் பார்த்தாலும் நம் டீம் கடைசிதான். அதற்கே இவ்வளவு ஆட்டம் ஆடினோம்.

திரும்பி வரும்போது ஃப்ரீவேயில் அப்பா அந்த மணியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எம்பேரு இம்புட்டு நல்லா இருக்கும்னு இத்தன வருசம் தெரியாமப் போச்சு அம்மிணி."

வீட்டுக்கு வந்ததும் நேரே கராஜுக்குப் போய் உன் பெட்டியை அடிவரை துழாவினார். அடியில் அந்தப் பெரிய பாத்திரம் இருந்தது. மணி அவர் சூட்கேஸுக்குள் போய்விட்டது. பாத்திரத்தை மட்டும் என் கையில் கொடுத்து, "இது இங்கயே இருக்கட்டும். அந்த சனத்துக்கு வேணுமல்ல" என்றார்.

அடுத்த வருஷமும் போவேன் அண்ணா. அந்தப் பாத்திரம் நிறையப் புளிசாதம் போகும். பதிவு செய்யும்போது முதல் பெயர் என்ற இடத்தில் நீ செய்த அதே தப்பைச் செய்வேன். யார் சொன்னாலும் திருத்த மாட்டேன்.

உன் இனிஷியலையே தன் இனிஷியலாகப் போட்டுக்கொள்ளும் தங்கச்சி,
த. மல்லிகா