துவைத்த கட்டுத்துணி

1958 மார்ச், புதன் இரவு.

சிராங்கூன் சாலையில் சலவைத்தொழில் செய்யும் முத்தம்மாவிடம், அவர் கணவரின் தாடைப் புண்ணில் கட்டியிருந்த பழைய துணியை எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் பரிசோதிக்கக் கேட்டிருந்தேன். புண் வற்றிவிட்டதால் சீழ் எடுக்க வழியில்லை. துணியில், சீழோடு வரும் கிருமித் திரள்களான மஞ்சள் மணிகள் ஒட்டியிருந்தால் அது புற்றுநோயல்ல, கிருமிதான், பென்சிலின் போதும். இல்லாவிட்டால் நாளை தாடையையே வெட்டி எடுத்துவிடுவார்கள்.

இன்று கொண்டுவந்தார். வெள்ளைவெளேரென்று, இஸ்திரி போட்டு.

“கொதிக்க வெச்சுத் துவைச்சேன் தம்பி. சீழும் நாத்தமுமா எப்படிக் குடுக்கிறது, வெக்கமா இருக்காதா?”

துவைக்க வேண்டாமென்று நான் சொல்லியிருக்கவில்லை. மைக்ரோஸ்கோப்பில் நூல் மட்டுமே தெரிந்தது.

சர்ஜனிடம் அவகாசம் கேட்டேன். மஞ்சள் மணியைக் காட்டினால் மட்டுமே நாளைய அறுவையை நிறுத்துவதாகச் சொன்னார்.

முத்தம்மா ஆய்வக வாசலிலேயே காத்திருந்தார்.

“துணி சுத்தமா இருந்துச்சா தம்பி?”

“ரொம்பச் சுத்தம், அக்கா” என்றேன்.