ஏரி காணாமல் போன காலை

வடகிரீன்லாந்து, பனியாற்று முகாம்
9 ஆகஸ்ட் 1952

அன்புள்ள யாக்கோபினாவுக்கு,

நான் நலம். உன் கைவலி குறைந்ததா? அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. மலைக்கும் பனியாற்றுக்கும் நடுவே ஒரு பெரிய ஏரி இருந்தது. நேற்றுக் காலை எழுந்து பார்த்தால் ஏரியைக் காணோம். வெறும் சேறுதான் கிடந்தது. நில அளவைக்கு வந்திருக்கும் டேனிஷ்காரர் ஹோல்கருக்கு ஒரே சந்தோஷம்.

"தண்ணி பனிக்கு அடியில புகுந்து கடலுக்கு ஓடிருச்சு" என்றார்.

மதியம் வந்து சேர்ந்த உன் தம்பி ஏனோக் சிரித்தான். "நான் கடற்கரையிலேர்ந்துதான் வர்றேன், ஐயா. அங்க ஒரு சொட்டு வரலையே. அப்ப அவ்வளவும் நம்ம காலுக்கடியிலதானே நிக்குது?"

ஹோல்கர் பனியில் நட்ட கம்புகளின் உயரத்தை மலையோடு ஒப்பிட்டு அளந்தார். மாலைக்குள் நாங்கள் நிற்கும் பனியே ஒரு முழம் மேலே உயர்ந்திருந்தது. இன்னும் நான்கு நாள் அளக்க வேண்டுமாம். பனி வெடிப்புகளுக்கு நடுவே வழி பார்த்து நடக்க அவருக்குத் தெரியாது. அதனால் நானும் இருக்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை.

காலணிக்குள் வைக்கக் காய்ந்த புல்லும் கொஞ்சம் காப்பித்தூளும் அனுப்பு. நம் மகள் மாலியாவின் உயரத்தை ஒரு நூலில் அளந்து அதையும் அனுப்பு.

நேற்றிலிருந்து என் வண்டி நாய்கள் படுக்க மறுக்கின்றன. பதினொன்றையும் ஏனோக்கோடு அனுப்புகிறேன். யார் கேட்டாலும் மற்ற நாய்களை வழிநடத்தும் முன்நாயை மட்டும் கொடுத்துவிடாதே. அது மாலியாவுக்கு.

ஏனோக் சறுக்கு வண்டியில் ஏறிவிட்டான். "நாயெல்லாம் குடுத்துட்டு நீங்க எதுல வருவீங்க, அத்தான்?" என்று கேட்கிறான். நடந்து வருவேன் என்று உன்னிடமும் சொல்லச் சொன்னேன்.

உன்
சக்கேயுஸ்