மேஜைக் காலடியில் வைத்த அட்டை

என் தங்கத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகமாகத்தான் இருக்கிறோம், அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது. நீ சுகமா என்று வழக்கம்போல ஒரு வரி கேட்டுவிட்டு அடுத்த சேதிக்குப் போக இந்தத் தடவை மனம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை நீ பாதிப் பேச்சில் போனை வைத்தது நெஞ்சிலேயே நிற்கிறது. பிறகு மூன்று தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. அதுவும் ஒரு வகையில் நல்லதுதான், போனில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கோபம் இருந்தாலும் கடைசி வரை படித்துவிடு.

உன் ஒத்தைத் தலைவலிக்கென்று டப்பாவில் போட்டு மாடி வீட்டுக்காரர் மகனிடம் கொடுத்தனுப்பிய நாலு மருந்து ஃபிலிமையும் இனி வாயில் வைக்காதே என்று மட்டும்தான் அன்றைக்குச் சொன்னேன். ஏன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒன்றை ஏற்கெனவே வைத்துக்கொண்டதாகவும் இருபதே நிமிஷத்தில் வலி விட்டுப்போய் மத்தியானம் வேலைக்கே திரும்பிப் போனதாகவும் நீ சொன்னாய். எனக்கு ஒரே நேரத்தில் சந்தோஷமும் வந்தது, பயமும் வந்தது. பயத்தில் நான் மறுபடியும் தூரப்போடு தூரப்போடு என்று அதையே சொல்ல, நீ கேட்டாயே, "இத்தனை வருஷத்துல இது ஒண்ணுதாம்மா எனக்குக் கேட்டிருக்கு. இன்னமும் நான் நடிக்கிறேன்னுதான் நினைக்கிறியா?" அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் லேபில் அந்த ஃபிலிம் எப்படித் தயாராகிறது என்று உனக்கு நான் விவரமாகச் சொன்னதே இல்லை. பசையைக் கஞ்சி மாதிரி காய்ச்சி ஆறவைத்து, மருந்தைக் கலந்து, கண்ணாடித் தட்டில் ஊற்றி, ஒரு தகட்டால் இழுத்துப் பரப்புவோம். ஒரு ராத்திரி முழுக்கக் காய்ந்தால் தோசைத் திருப்பியால் எடுப்பதுபோல மெதுவாக உரித்து, கட்டைவிரல் நகம் அளவுக்கு வெட்ட வேண்டும். கன்னத்தின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டால் மருந்து வயிற்றுக்குப் போகாமல் தோல் வழியாகவே ரத்தத்தில் இறங்கும். இறங்குகிறதா என்று பார்க்க இறைச்சிக் கூடத்திலிருந்து பன்றியின் கன்னத் தோல் வரும், அதை இரண்டு கண்ணாடிக் குடுவைக்கு நடுவில் கட்டிவைத்து அரை மணிக்கு ஒரு தரம் சொட்டு எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஒட்டிய பிறகு அரை மணி நேரம் பேசக்கூடாது என்று அப்பாவிடம் சொன்னபோது, உனக்கு ஒட்டப் பத்து வாங்கி வா, வீட்டில் உபயோகப்படும் என்றார். அவர் வாய்க்கு ஒரு ஃபிலிம் போதாது என்று நானும் சொல்லிவிட்டேன்.

ஊற்றுகிற மேஜை ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்தது. ரிப்பேருக்கு எழுதிக் கொடுத்து எழுதிக் கொடுத்து எனக்குக் கை ஓய்ந்துபோயிற்று. தகட்டை இழுக்கும்போதெல்லாம் டக் டக் என்று அடிக்கும், இடுப்பில் ஒரு கையும் மேஜையில் ஒரு கையுமாக வேலை செய்ய வேண்டியிருந்தது. ஒரு நாள் எரிச்சலில் கையுறை வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து நாலாக மடித்துப் பின்பக்கத்து இடது காலுக்கு அடியில் செருகினேன். ஆட்டம் நின்றது. நம் வீட்டுக் கட்டிலுக்கு வைக்கவில்லையா, அந்த மாதிரிதான் நினைத்தேன், யாரிடமும் சொல்லவும் தோன்றவில்லை. அதற்கடுத்த வாரத்திலிருந்து எந்தத் தட்டை எடுத்தாலும் கணக்கு உதைத்தது. ஒரே தட்டில் ஒரு ஃபிலிமில் மருந்து கூடுதல், இன்னொன்றில் பாதிகூட இல்லை. குட்டி மேடம் பசையை மாற்றிப் பார்த்தார், அடுப்பை மாற்றிப் பார்த்தார், புதிதாகச் சேர்ந்தவரைத் திட்டியும் பார்த்தார். எங்கள் தலைமை விஞ்ஞானிதான் குட்டி மேடம், உயரத்துக்காக நாங்கள் வைத்த பேர், அவருக்கும் தெரியும். மூன்று மாதம் இப்படியே ஓடியது. நடுவில் உன் போன் வந்தது. இன்னொரு நாள் லீவு எடுத்தால் வேலையை நீட்டிக்க மாட்டார்கள் என்று அழுதாய். அன்றைக்குக் கணக்கு உதைப்பதைக்கூட யோசிக்காமல் ஒரு தட்டின் வலது ஓரத்திலிருந்து நாலை எடுத்துக் கைக்குட்டையில் மடித்து வந்துவிட்டேன். பதினோரு வருஷ வேலையில் ஒரு பஞ்சுத் துண்டுகூட நான் வெளியே கொண்டுவந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிழிந்த துணியிலிருந்து சொட்டிய தண்ணீர் விழுந்த இடத்தில் நிற்காமல் வரிசையாக வலது மூலையைப் பார்த்து ஓடியது. ஆட்டம் நின்றதே தவிர மேஜை சாய்ந்திருக்கிறது, மருந்தும் அந்தத் தண்ணீர் மாதிரி வலது பக்கம் ஓடிச் சேர்ந்திருக்கிறது. உனக்கு அனுப்பியது நாலும் வலது ஓரம். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உன்னைக் கூப்பிட்டது அதனால்தான். வலி போனபோது கழுத்தை யாரோ பிடித்த மாதிரி இருந்தது என்று நீ சாதாரணமாகச் சொன்னாய். அளவு கூடினால் அப்படித்தான் இருக்கும், இருதயத்துக்கும் ஆகாது. நல்லவேளை ஒன்றோடு நின்றது.

மறுநாள் காலையில் குட்டி மேடத்திடம் இரண்டையும் சொன்னேன். அட்டையை மட்டும் சொல்லிவிட்டு ஃபிலிமை விட்டுவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்று அப்பா சொன்னார். எனக்கும் ஆசைதான். ஆனால் இன்னும் மூன்று உன் கைப்பையில் இருக்கும்போது எப்படி விடுவது, உனக்கு என்ன செய்யவேண்டும் என்று அவரிடம்தானே கேட்க முடியும். மேடம் கொத்தனார் மட்டம் பார்க்கிற ரசமட்டம் ஒன்றை வரவழைத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே இருந்த குமிழி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை. மூன்று மாதத்துத் தட்டையும் குப்பையில் போடச் சொன்னார், ஃபிலிம் வெளியே போனதை மேலே எழுதாமல் இருக்க முடியாது என்றார். முடிவு வரும்வரை எனக்குக் குடுவை கழுவும் வேலை. வேலை போகலாம், போகாமலும் இருக்கலாம். நீ அதற்காக மனசை அலட்டிக்கொள்ளாதே, எனக்கே அலுத்துவிட்டது, வீட்டுக்கு வந்தால் கையைத் தூக்கி விளக்கைப் போடக்கூட முடியவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். இந்த ஃபிலிம் வேலை தொடங்கிய புதிதில் குட்டி மேடம் எனக்குச் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "ஒத்தைத் தலைவலி வந்தா வயிறு வேலையை நிறுத்திடும்மா. மாத்திரை போட்டா அது பாட்டுக்கு உள்ள சும்மா கிடக்கும், இல்லன்னா வாந்தியில வந்துடும். அதான் கன்னத்து வழியா போறோம்." அன்றைக்குக் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். உன் பத்தாம் வகுப்புப் பரீட்சை நாள் கண்முன் வந்தது. இரண்டு மாத்திரையும் வாந்தியில் வந்த பிறகு உன் மூக்கைப் பிடித்து மூன்றாவதை நான் போட்டேன். பரீட்சைக்குப் பயந்து நடிக்காதே என்று அடித்தேன். நீ முடியலம்மா என்று சொன்னது உண்மை. இது தெரிந்து இத்தனை வருஷமாகியும் உன்னிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த நாலு ஃபிலிமை எடுத்ததுகூட வாயால் கேட்க முடியாத மன்னிப்பைப் பொட்டலமாகக் கட்டி அனுப்பத்தான் போலிருக்கிறது, அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. நீ நடிக்கிறாய் என்று நான் நினைக்கவில்லை. அன்றைக்கு அடித்தது தப்பு. என்னை மன்னித்துவிடு.

குட்டி மேடம் உனக்குச் சொல்லச் சொன்னது இது: உடனே டாக்டரிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொல்லி இருதயத்தைப் பார்த்துக்கொள். மூக்கில் அடிக்கிற மருந்தும் ஊசியும் இருக்கிறதாம், மாத்திரை வயிற்றில் நிற்காது என்று சொல்லி நீயே கேட்டு வாங்கு. வேலை செய்யும் இடத்துக்கும் டாக்டரிடமே ஒரு கடிதம் வாங்கிக் கொடு. சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடாதே. மிச்சம் மூன்றையும் தூரப்போட வேண்டாம், மாடி வீட்டுக்காரர் மகன் இருபதாம் தேதி திரும்பி வருகிறார், அதே டப்பாவில் போட்டு அவரிடம் கொடுத்துவிடு, சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறார் மேடம்.

நான் மேடம் அறையை விட்டு வெளியே வரும்போது அவர் கூப்பிட்டு, உங்க பொண்ணுக்கு எத்தனை நிமிஷத்துல விட்டுதுன்னு சொன்னீங்க என்று கேட்டார். இருபது என்றேன். எங்கேயும் எழுதிக்கொள்ளவில்லை, எழுதவும் கூடாது, மனுஷருக்குக் கொடுக்க இன்னும் அனுமதி வராத ஃபிலிம். ஏழு வருஷமாகப் பன்றித் தோலையே பார்த்துக்கொண்டிருக்கிறவர். இருபதா என்று இன்னொரு தரம் கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

நோய் நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், உனக்கு எல்லாம் நல்லபடியாக அமைய வேண்டும், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். டப்பாவை மறந்துவிடாதே. அதோடு ஒரு தாளும் வைத்து அனுப்பு. வலி எந்தப் பக்கம் பிடித்தது, அந்த இருபது நிமிஷத்தில் எப்படி எப்படிக் குறைந்தது, எல்லாவற்றையும் எழுது. லேபுக்கு இல்லை. சின்ன வயதிலிருந்து உன்னிடம் ஒரு நாளாவது நான் கேட்டிருக்க வேண்டியது.

உன்
அம்மா