களவுபோன வாசற்சொல்லை மீட்கச் சிறுகுடிக்கு விடுத்த ஓலை

நலம் பெருகுக. நாவில் உண்மை தங்குக.

மூன்று புறமும் கடல் காவல் நிற்க, நடுவே கன்னலாறு வற்றாது பாய, மாரி பொய்க்காத ஆழிமங்கல நாட்டைக் கோல் கோணாது ஆண்டருளும் கோமாட்டி செம்பருதியார் திருவாய் மலர்ந்தபடி, அவர்தம் ஓலைநாயகம் நெடுங்கண்ணன் எழுதுவது. வடகரையில் சிறுகுடி நகரையும் அதன் உப்பளங்களையும் காத்து நிற்பவரும், முன்னை ஆற்றுப்போரில் எம் படைக்கு ஓடங்கள் ஈந்தவரும், கோமாட்டியாரின் அன்புக்கு என்றும் உரியவருமான வில்லவதரையர் காண்க. உமது அளங்களில் உப்பு நன்கு விளைக. உமது இல்லத்தார் நோயின்றி வாழ்க. உமது நகரத்துக் கணிப்பொறிகள் கோடை வெப்பத்தில் சோராது இயங்குக.

உமது ஓலை வந்து சேர்ந்தது. நறும்பொழில் மருந்து வணிகர் கணத்தின் மரக்கலங்களை எம் துறையில் ஏன் தடுத்து நிறுத்தினோம் என்று வினவியிருந்தீர். அக்கணத்தார் உமது நகரத்துக் கிடங்கில் வைத்திருக்கும் தரவு விலை கொடுத்து வாங்கியது என்றும், வாங்கிய பொருளை வாங்கியவர் வைத்துக்கொள்வது எந்நாட்டிலும் வழக்கம்தானே என்றும் எழுதியிருந்தீர். படித்துவிட்டுக் கோமாட்டியார் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. விலை கொடுத்தது மெய்தான். கொடுத்தது திருடன் கையில். அந்தத் தரவு யார் வாயில் பிறந்தது, எப்படிக் கைமாறியது, அதை மீட்க ஒருத்தி என்ன பாடு பட்டாள் என்பதையெல்லாம் நீவிர் அறியவேண்டும் என்பதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறோம். சற்று நீளும். வெற்றிச் செய்திதான், ஆகவே பொறுத்திருந்து கேட்டருள்க.

எம் துறைமுகத்தை நடத்தும் துறைமன்றத்துக்கு மக்களே தலைவரைத் தேர்வது நீவிர் அறிந்தது. இம்முறை களத்தில் நின்றவர் இருவர்: மரக்கலத் தலைவியாக இருந்து கடலில் முடி நரைத்த சேந்தன் கொற்றியார் ஒருவர், பண்டகசாலைகள் பல உடைய மழவன் ஆதிச்சனார் மற்றவர். இருவரும் தத்தமக்குப் பாசறை அமைத்து வீடுதோறும் ஆள் அனுப்பினர். எம் நாட்டில் வாக்குக் கேட்டுச் செல்வோர் வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதில்லை. வாசலில் நின்று, கதவுநிலையில் கை வைத்து, இங்கே கேட்பது எம் பாசறையைத் தாண்டாது என்று உறுதி சொன்ன பிறகே பேசத் தொடங்குவர். அதன்பின் வீட்டார் மனம்விட்டுச் சொல்வதற்கு வாசற்சொல் என்று பெயர். குழாயில் நீர் வராதது முதல் மகன் வேலையின்றித் திரிவது வரை, சென்ற முறை யாருக்கு வாக்களித்தார் என்பது முதல் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பது வரை, எல்லாம் அதில் வரும். அன்று மாலையே அது பாசறையின் கணிப்பொறிகளில் ஏறிவிடும்.

கொற்றியாரின் பாசறையில் அக்கணிப்பொறிகளுக்குத் தலைவியாக இருந்தவள் காரி நங்கை. முன்கோபி. வேலையில் கெட்டிக்காரி. தன் கடவுச்சொல்லைக் கட்டிய கணவனிடம்கூடச் சொல்லாதவள். எவரேனும் திரையைத் திறந்தபடி விட்டுவிட்டு மோர் குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் திரை பூட்டியிருக்கும். அதன்மேல் அவள் எழுதிவைத்த வசவு ஒன்றும் காத்திருக்கும். அவள் காவலில் இருக்கும் தரவை ஈ எறும்புகூட முகர முடியாது என்று ஊரே நம்பியது. அவளும் அப்படித்தான் நம்பினாள்.

அப்படிப்பட்டவள் சறுக்கியது கருவித் திருநாளில். தச்சர் உளியையும் மருத்துவர் கத்தியையும் கழுவிப் பொட்டிட்டு வணங்கும் அந்நாளில் எம் பாசறைகளில் கணிப்பொறிகளுக்கு மாலை சாத்துவது வழக்கம். அன்று எந்தக் கருவியையும் மூடி வைக்கலாகாது என்பது எம்மவர் நம்பிக்கை. உளி உறையில் இருக்கக்கூடாது, கத்தி பெட்டியில் இருக்கக்கூடாது, கணிப்பொறி பூட்டியிருக்கக்கூடாது. அன்று எவரும் கருவியைத் தொட்டு வேலை செய்யவும் மாட்டார். பாசறையில் சிலர் திரைகளை மட்டுமாவது பூட்டலாமே என்று கேட்டபோது நங்கை சீறி விழுந்தாள். ஆண்டெல்லாம் உழைத்த பொருளுக்குச் சந்தனம் வைக்கும் நாளில் கண்ணைக் கட்டுவதா என்று கேட்டு, தன் கையாலேயே கடவுச்சொற்களை இட்டு எல்லாவற்றையும் திறந்து வைத்தாள். யாரும் தொடாத நாளில் யாருக்குக் காவல் என்பது அவள் எண்ணம். ஊர் மக்கள் திரள் திரளாக வந்தார்கள், சுண்டல் வாங்கினார்கள், மாலையிட்ட திரைகளைக் கண்டு மகிழ்ந்தார்கள். பூசையைப் படம் பிடிக்கவென்று வந்தவன் மட்டும் கணிப்பொறிகளின் பக்கத்திலேயே நெடுநேரம் நின்றிருந்தான். படம் பிடிப்பவனை யார் தடுப்பார்?

திருநாள் கழிந்து, வாக்குநாள் நெருங்கிவந்த வேளையில், வலை முடையும் எயினி என்பவள் பாசறைக்குள் நுழைந்து நங்கையின் எதிரே வந்து நின்றாள். தன் கணவன் இருமும்போது இரத்தம் வருவதைக் கொற்றியாரின் ஆட்களிடம் வாசற்சொல்லாகச் சொல்லி, இலவச மருத்துவமனை வேண்டும் என்று கேட்டிருந்தவள் அவள். மருந்து வணிகர் கணத்து ஆள் ஒருவன் அவள் தெருவுக்கு வந்து, உன் கணவனின் நெஞ்சுக்கு எங்கள் கஷாயமே ஏற்றது என்று நாலு பேர் காதுபடக் கூறியிருக்கிறான். செய்தி படகு முதலாளிக்குப் போயிற்று. அவர் அன்றே அவள் கணவனைப் படகிலிருந்து இறக்கிவிட்டார். அவள் அன்று பேசியதை மாற்றாமல் எழுதுக என்று, நாம் சொல்லச் சொல்ல இவ்வோலையைப் பதியும் எழுத்தனுக்குச் சொல்லியிருக்கிறோம்.

"உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். என் மாமியாருக்கே தெரியாது. அந்த மருந்துக்காரனுக்கு எப்படித் தெரிஞ்சுது? சொல்லுங்க. வாசக்கால்ல கை வச்சுத்தான கேட்டீங்க?"

தன் பாசறையிலிருந்து கசிய வழியே இல்லை என்று சொல்லத்தான் நங்கை வாயெடுத்தாள், எயினியின் முகத்தைப் பார்த்ததும் அதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தாள். அவளை அமரச் செய்து, கணிப்பொறிகளின் உள்ளே எழுதப்பட்டுவரும் நாட்குறிப்பைப் புரட்டினாள். எவர் எப்போது எதைத் திறந்தார், எதைப் படியெடுத்தார் என்பதைப் பொறி தானே குறித்து வைக்கும். கருவித் திருநாளன்று அதில் ஒரு வரியும் இருக்கக்கூடாது, எவரும் தொடாத நாள் அல்லவா? ஆனால் நண்பகல் வேளையில் அத்தனை வீடுகளின் வாசற்சொல்லும் ஒருங்கே படியெடுக்கப்பட்டிருந்தது. அன்று எடுத்த படங்களில் சுண்டல் தட்டோடு சிரித்து நிற்கும் தன் முகத்தையும் அவள் கண்டாள். களவு நுழைந்தது தான் திறந்து வைத்த கதவு வழியே என்பதில் அவளுக்கு ஐயமே இல்லை.

பாசறையின் தலைவர் விழுப்பரையர் உலகம் அறிந்தவர். செய்தி கேட்டதும் அவர் கதவைச் சாத்தினார். வாக்குநாள் முடியும்வரை இது நமக்குள் இருக்கட்டும் என்றும், இப்போது வாய் திறந்தால் ஆதிச்சனாரின் ஆட்கள் ஊரெல்லாம் முரசு அறைவார்கள் என்றும், வென்ற பிறகு எயினிக்கு வேண்டியதைச் செய்யலாம் என்றும், எல்லாவற்றுக்கும் மேலாக இதில் நங்கையின் பெயர்தான் நாறும் என்றும் எடுத்துரைத்தார். கடைசியில் சொன்னது அவளைச் சுட்டது. ஊரில் தலைநிமிர்ந்து நடந்தவள் அவள். நாளை எவர் அவளிடம் ஒரு சாவியையாவது நம்பிக் கொடுப்பார்? ஆயினும் அவள் நேரே கொற்றியாரிடம் சென்று, திறந்து வைத்தது தான் என்பதையும், பூட்டச் சொன்னவர்களை ஏசியது தான் என்பதையும் மறைக்காமல் கூறி, ஒவ்வொரு வாசலுக்கும் சென்று உண்மையைச் சொல்ல ஆணை வேண்டினாள். வாக்குகள் போகும் என்பதையும் அவளே சொன்னாள்.

கொற்றியாருக்கு இருபுறமும் அழுத்தம் இருந்ததை மறைப்பதற்கில்லை, அவரும் வெற்றியை விரும்பியவர்தான். ஆயினும், கலத்தில் ஓட்டை விழுந்தால் ஏறியிருப்பவரிடம் கரை சேர்ந்த பிறகு சொல்வது தம் தொழிலில் இல்லை என்று கூறி, போய்ச் சொல்லுமாறு பணித்தார். விழுப்பரையர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

நங்கை முதலில் சென்றது எயினியின் வாசலுக்கு. அடுத்து அத்தெரு, அதையடுத்த தெரு. அவளுடன் பாசறையே நடந்தது. வெறும் மன்னிப்பைச் சுமந்துகொண்டு போகவில்லை அவள். ஒவ்வொரு வீட்டாரைப் பற்றியும் பாசறை எழுதிவைத்திருந்ததைக் கையிலிருந்த சிறு கணிப்பொறியில் அவரவர்க்கே காட்டினாள். இதுதான் களவு போயிற்று, இனி எம்மிடமுள்ள படியை வைப்பதும் அழிப்பதும் உம் விருப்பம் என்றாள். அழி என்றவர் கண்முன்னே அழித்தாள். எந்தத் தரவைக் கொண்டு வெல்லலாம் என்று மாதக்கணக்கில் சேர்த்தார்களோ, அதையே வாக்குநாளுக்கு முன் வாசல் வாசலாகத் துடைத்தெறிந்தார்கள். முதல் நாட்களில் கதவைச் சாத்தியவர் பலர். மீன் கழுவிய நீரை அவள்மேல் ஊற்றினாள் ஒருத்தி. கிழப்படகோட்டி ஒருவர் தம்மைப் பற்றி எழுதியிருந்ததை முழுதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சொன்னதையும் எழுத்தன் அப்படியே பதிகிறான்.

"ஏ தாயி, என்னைப் பத்தி இவ்வளவா எழுதி வச்சிருக்கீக? என் பொண்டாட்டிகூட இவ்வளவு கேட்டதில்லையே. சரி, அந்த முழங்கால் வலி மட்டும் இருக்கட்டும். மத்ததெல்லாம் அழிச்சிடு."

ஆதிச்சனாரின் பாசறைக்குக் கொண்டாட்டம்தான். கொற்றியாரின் வீட்டில் ஓட்டை என்று தெருத்தெருவாகக் கூவினார்கள், எம் பாசறை இரும்புக்கோட்டை என்றார்கள். ஆனால் எம் மக்கள் இலேசுப்பட்டவர் அல்லர். கருவித் திருநாள் இரு பாசறைக்கும் பொதுவாயிற்றே, அங்கேயும் பொறிகள் திறந்துதானே இருந்தன, அங்கேயும் அதே ஆள்தானே படம் பிடித்தான் என்று கேட்கத் தொடங்கினார்கள். ஆதிச்சனாரின் ஆட்களிடம் மட்டுமே சொன்ன நோய்க்கும் மருந்து விற்க ஆள் வந்ததைச் சிலர் நினைவுகூர்ந்தார்கள். நாட்குறிப்பைக் காட்டுக என்று கூட்டம் ஆதிச்சனாரின் வாசலில் போய் நின்றது. காட்டவில்லை. அவர்கள் முன்பே கண்டுபிடித்து மூடி மறைத்திருந்தது மறுநாளே அவர்தம் ஆள் ஒருவராலேயே வெளிவந்தது. அதற்குப்பின் அவர்களின் முரசு ஒலிக்கவில்லை.

வில்லவதரையரே, வாக்குநாளன்று இந்தத் துறை கண்ட காட்சியை நீவிர் கண்டிருக்கவேண்டும். கொற்றியார் வென்றார். முன்னெப்போதும் எவரும் பெறாத வாக்குகளால் வென்றார். கதவைச் சாத்திய தெருக்கள் முதலில் வந்து வரிசையில் நின்றன. மீன்நீர் ஊற்றியவள் நங்கைக்கு மாலை கொண்டுவந்தாள். நங்கை அதைத் தான் அணியாமல் எயினியின் கழுத்தில் இட்டாள். அரண்மனை மேல்மாடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நமக்குக் கண்ணீர் பெருகியது என்பதை எழுத நாணமில்லை. மன்றத் தலைவியான கொற்றியாரின் முதல் ஆணை, களவு போன வாசற்சொல்லைக் காரணம் காட்டி எவரையும் படகிலிருந்து இறக்கலாகாது என்பது. எயினியின் கணவன் அரண்மனை மருத்துவரின் பார்வையில் தேறிவருகிறான். அவன் இடம் படகில் அவனுக்காகக் காத்திருக்கிறது.

படம் பிடிப்பதாக வந்து, தரவைப் படியெடுத்துக் கணத்தாருக்கு விற்றவன் பிடிபட்டான். எம் துறையில் கணத்தார் வைத்திருந்த படிகள் யாவும் மக்கள் பார்க்க அழிக்கப்பட்டன. எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. அது உமது நகரத்துக் கிடங்கில் இருக்கிறது. அது அங்கே இருக்கும்வரை எம் மக்களில் ஒருவரும் தம் நோயையும் குறையையும் இன்னொரு வாசலில் நின்று சொல்லத் துணியார். சொல்லத் துணியாத மக்களை ஆள்வது எவருக்கும் இயலாது, உமக்கும் இயலாது. ஆகவே கோமாட்டியார் கட்டளையிடுவதாவது: நோயாளியின் நெஞ்சைப் பற்றிய சொல் நோயாளிக்கே உரியது, அதைத் திருடனால் விற்கவும் முடியாது, வணிகரால் வாங்கவும் முடியாது. இனி இந்நாட்டில் வாசற்சொல்லைச் சொன்னவர் கேட்டால் காட்டவேண்டும், அழிக்கச் சொன்னால் அழிக்கவேண்டும். கருவித் திருநாளிலும் பொறிகள் பூட்டியே மாலை பெறும். அதனால் வரும் பழி கோமாட்டியாரைச் சேர்க.

எம் முறைப்படி ஓலை கொணர்ந்தவர் ஓலை வாசித்து முடியும்வரை நின்றுகொண்டே இருப்பார். அவர் யாரென்று வாங்கியவர் கேட்பதும் இல்லை. ஆகவே நாமே சொல்கிறோம். உமது அவையில் இதுவரை நின்றுகொண்டிருப்பவள் காரி நங்கை. இந்தப் பயணத்தை அவளே கேட்டுப் பெற்றாள். உமது கிடங்கின் கணிப்பொறியில் எதை அழிக்கவேண்டும், எங்கே ஒளித்திருப்பார்கள் என்பதை அவள் அறிவாள். நீவிரும் உமது அவையோரும் அருகிருந்து காண அவள் கையாலேயே அது அழியவேண்டும். அழிந்தது என்று அவள் எழுதும் சொல் எமக்கு வந்தபின் கணத்தாரின் மரக்கலங்கள் பாய் விரிக்கலாம். வேறு எவர் எழுதினாலும் எம் காதில் ஏறாது.

இவ்வோலை கோமாட்டியார் கேட்க வாசித்து, அவர் தலையசைக்க, சங்கும் நங்கூரமும் பொறித்த அரச இலச்சினை இட்டு விடுக்கப்பட்டது. உமது நகரம் வாழ்க. உமது வாசல்கள் நம்பிக்கைக்கு உரியனவாகுக.

ஓலை முடிந்தது. வில்லவதரையரே, எழுந்து அவளுக்குக் கிடங்கின் வழியைக் காட்டுக.