செல்லின் கைரேகை

ஜனவரி 9, வியாழன்

மருத்துவ ஆராய்ச்சிக்கான அரசு நிதி அறிவிப்பு வந்துவிட்டது. நான் மின்னஞ்சலைத் திறப்பதற்குள் பக்கத்து அறைப் பேராசிரியர் அதை அச்செடுத்து, அடிக்கோடு போட்டு, என் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். பிறகு அவரே வந்தார். "பெரிய திட்டம் மேடம், அஞ்சு வருஷத்துக்கு. ஆரம்ப நிலைச் சிறுநீரக நோய்னு தலைப்பே போட்டிருக்கான். உங்களுக்காகவே போட்ட மாதிரி இருக்கு." வாழ்த்துகிறபோதும் அவர் கண் என் அறையின் ஜன்னலில்தான் இருந்தது. அவர் அறையில் ஜன்னல் கிடையாது.

இந்த ஆண்டுக்குள் நிதி வராவிட்டால் ஆய்வக அறையைத் திருப்பித் தர வேண்டும் என்று துறைத் தலைவர் சொல்லிவிட்டார். அறை போனால் என் ஆய்வு மாணவியும் போவாள். வேறு வழிகாட்டி, வேறு தலைப்பு, பாதிக் கிணறு தாண்டியபின் மறுபடி முதலிலிருந்து. என்னிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் உறுத்துகிறது.

ஜனவரி 13, திங்கள்

எழுதத் தொடங்கிவிட்டேன். சொல்ல வேண்டியது எளிமையானதுதான். சர்க்கரை நோய்க்காரர்களின் சிறுநீரகம் பழுதாவது வெளியே தெரிவதற்குள் பாதி பழுதாகிவிடுகிறது. அதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் ஒரு புரதம் இருக்கிறது என்பது எங்கள் கட்சி. சிறுநீரகச் செல்களைக் குடுவையில் வளர்த்து, சர்க்கரையைக் கூட்டினால், அந்தப் புரதத்தை அவை வெளியே தள்ளுகின்றன. மாணவி அதற்குக் 'கோள்சொல்லி' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். காப்பீட்டு அலுவலகத்தில் நாள் முழுக்க விண்ணப்பம் வாசிக்கிறவர். வீட்டிலும் அதேதான் என்று முனகிக்கொண்டே வாங்கிக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு. யாருக்கு என்ன வியாதின்னு மட்டும் மூணாவது பக்கத்துலதான் தெரியுது."

கோபம் வந்தது. தாள்களைப் பிடுங்கிக்கொண்டேன். பிறகு மாற்றி எழுதினேன்.

ஜனவரி 17, வெள்ளி

இந்த ஆண்டு புது விதி. ஆய்வில் பயன்படுத்தும் செல்களின் அடையாளச் சான்றிதழை இணைக்க வேண்டுமாம். செல்லின் மரபணுவை வைத்துக் கைரேகை மாதிரி ஒன்று எடுப்பார்கள். இத்தனை காலம் வளர்த்தவளிடம் 'இது உன் பிள்ளைதானா, சான்று காட்டு' என்பதுபோல இருக்கிறது.

இந்தச் செல்கள் என் வழிகாட்டியின் ஆய்வகத்திலிருந்து வந்தவை. அவருக்கு அவருடைய நண்பர் கொடுத்தது. எங்கள் உலகில் அப்படித்தான். ரோஜாச் செடியில் ஒரு கிளை ஒடித்துத் தருவதுபோல ஒரு சின்னக் குடுவையில் கொடுப்போம், வாங்குவோம். என்ன நிறம் பூக்கும் என்று கொடுத்தவர் சொல்வார், வாங்கியவர் நம்புவார். நானும் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன்.

மாணவி மாதிரியைப் பொட்டலம் கட்டி அனுப்பிவிட்டாள். "கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளையைப் பத்தி விசாரிக்கற மாதிரி மேடம்," என்றாள். விசாரிக்காமலே குடும்பம் நடத்திவிட்டோம், இப்போது என்ன விசாரணை என்றேன். சிரித்தாள்.

ஜனவரி 30, வியாழன்

முதல் வரைவு முடிந்தது. என்னையே தேர்வுக் குழுவில் உட்காரவைத்தால் நிதியை எனக்கே கொடுத்துவிடுவேன்.

பிப்ரவரி 3, திங்கள்

அவை சிறுநீரகச் செல்கள் அல்ல.

பிப்ரவரி 3 — மறுபடியும்

எழுதி முடித்து எழுந்து போனேன். திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன். உலகத்தின் பாதி ஆய்வகங்களில் வளர்கிற ஒரு பழைய புற்றுநோய்ச் செல் அது. எங்கேயோ, யாரோ திரவம் உறிஞ்சும் ஒரே குழாயை இரண்டு குடுவைகளுக்கும் பயன்படுத்தியிருக்க வேண்டும். ஒரு சொட்டு போதும். வேகமாக வளர்வது மெதுவாக வளர்வதை மூடிவிடும். குடுவைமேல் ஒட்டிய பெயர் மட்டும் அப்படியே இருக்கும். பெயரைத்தானே நாம் பார்க்கிறோம்.

என்ன செய்யறது இப்போ? அந்தப் பொண்ணுகிட்ட என்னன்னு சொல்றது? உன் மூணு வருஷம் வேற யாரோடயோ செல்லுன்னா? எத்தனை கூட்டத்துல மேடையேறிப் பேசியிருக்கேன் — சிறுநீரகம், சிறுநீரகம்னு. கை தட்டினாங்களே.

மாலையில் அவளிடம் சொல்லிவிட்டேன். அறிக்கையை அவள் இரண்டு முறை வாசித்தாள். "ஃப்ரீசர்ல பழைய குப்பி இருக்கே மேடம், நீங்க முதல்ல வாங்கினப்போ உறைய வெச்சது. அதை அனுப்பிப் பாப்போம்," என்றாள். குரல் உடையவில்லை. கையுறையை மட்டும் கழற்றிப் போட்டாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள்.

பிப்ரவரி 5, புதன்

பக்கத்து அறைக்காரருக்கு எப்படித் தெரிந்ததோ. சுவருக்கும் காது உண்டு, இங்கே சுவரும் பலகைதான். தேநீர் நேரத்தில் மெதுவாக வந்தார்.

"சான்றிதழ் வந்துட்டு இருக்குன்னு போடுங்க மேடம். எல்லாரும் அதான் போடறாங்க. முதல்ல நிதி வரட்டும், பழுதை அப்புறம் பாத்துக்கலாம்."

"வந்துடுச்சே சார்."

"வந்தது உங்களுக்கு மட்டும்தானே தெரியும்."

"உங்களுக்கும் தெரிஞ்சிருக்கே."

இதற்கு அவரும் சிரித்துவிட்டார். மோசமான மனிதர் இல்லை. உண்மையைச் சொன்னால், அவர் வருவதற்கு முன்பே அந்த வாக்கியத்தை நான் மனதுக்குள் எழுதிப் பார்த்துவிட்டேன். நல்ல வாக்கியம். எந்தக் குழுவும் நிறுத்திக் கேட்காத வாக்கியம்.

பிப்ரவரி 10, திங்கள்

பழைய குப்பியும் அதேதான். எனக்கு வரும்போதே அப்படித்தான் வந்திருக்கிறது.

வழிகாட்டிக்கு ஃபோன் செய்தேன். ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருக்கிறார். அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு பேசினேன்.

"எனக்குக் குடுத்தவரும் நல்ல மனுஷன்தான்ம்மா," என்றார். பிறகு, "என் கட்டுரைங்களும் போச்சுன்னு சொல்லு."

"கொஞ்சம்தான் சார்."

"பரவாயில்ல. எனக்கு இனிமே பதவி உயர்வா வரப்போகுது. நீ என்ன பண்ணப் போறே, அதைச் சொல்லு."

தெரியவில்லை என்றேன். "தெரியலன்னா நல்லது, கேளு. நிதி அலுவலகத்துல கேட்டவன் கெட்டதில்ல. நாமதான் அவங்களைத் தாசில்தார் மாதிரி நினைச்சுப் பயப்படறோம்," என்றார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கேட்டேன்.

நிதித் திட்ட அதிகாரி ஒரு பெண். குளிர்சாதன அறைக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒரு குரல். நான் கதை முழுவதையும் சொன்னேன். எதிர்முனையில் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. அவ்வளவுதான், நம் பெயரைக் கருப்புப் பட்டியலில் ஏற்றுகிறாள் என்று நினைத்தேன்.

"பெரிய திட்டத்துல உங்க விண்ணப்பம் நிக்காது. அதை விட்டுடுங்க," என்றாள். "அறிவிப்போட கடைசிப் பக்கம் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. யார் பார்ப்பார்கள்?

"மறுசோதனை நிதின்னு ஒண்ணு இருக்கு. வெளிவந்த ஒரு முடிவு நிஜமான்னு திரும்பச் செஞ்சு பாக்கறதுக்கு. சின்னதுதான், ரெண்டு வருஷம். வருஷா வருஷம் ஆள் வராம பணம் திரும்பிப் போகுது."

"ஏன் வர்றதில்ல?"

"மத்தவங்க முடிவைச் சோதிச்சா பகை. சொந்த முடிவைச் சோதிச்சா அவமானம். எவ்வளவு பேர் வருவாங்க?" முதல் முறையாக அந்தக் குரலில் கொஞ்சம் வெயில் அடித்தது. "உங்களுக்குச் சிறுநீரகச் செல் வேற எங்கேயாவது கிடைக்குமா?"

கிடைக்கும். மனிதர்களின் சிறுநீரிலேயே கிடைக்கும். சிறுநீரகக் குழல்களிலிருந்து உதிர்கிற செல்களில் சில உயிரோடுதான் வெளியே வருகின்றன. அவற்றைப் பிடித்து வளர்க்கலாம். சிரமம், அதனால் எல்லோரும் குடுவையிலிருப்பதை வாங்கிக்கொள்கிறோம். அதிகாரியிடம் சொல்லச் சொல்லத்தான் எனக்கே அது ஒரு திட்டம் என்று தெரிந்தது.

பிப்ரவரி 14, வெள்ளி

மாணவி ஒரு பழைய கோப்புறையைத் தோண்டி எடுத்திருக்கிறாள். மருத்துவமனையில் முன்பு சில நோயாளிகளின் சிறுநீரில் கோள்சொல்லியை அளந்து பார்த்தோம். அங்கேயும் அது கூடுதலாகத்தான் இருந்திருக்கிறது. அது குடுவைக்கும் செல்லுக்கும் சம்பந்தமே இல்லாத அளவீடு. ஆக, புரதம் பொய்யில்லை. எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் சொன்னதுதான் பொய்யாக இருக்கலாம். நிஜமாகவும் இருக்கலாம்.

"முழுசா போகல மேடம்," என்றாள். இரண்டு பேரும் ஜன்னலோரம் நின்றுகொண்டே சாப்பிட்டோம். பசித்தது. பத்து நாளில் முதல் முறை.

பிப்ரவரி 15, சனி

என்னிடமிருந்து செல் வாங்கிய எல்லோருக்கும் எழுதிவிட்டேன். ஒருவர் நன்றி என்று பதில் போட்டார். ஒருவர் ஏன் எழுதினீர்கள் என்று. மற்றவர்கள் மௌனம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

வீட்டில் திட்டத்தை விளக்கினேன். அத்தைக்குக் காது இப்போதெல்லாம் வேண்டும்போது மட்டும் கேட்கும். இது கேட்டுவிட்டது.

"அதுக்கா அரசாங்கம் பணம் குடுக்குது? என்னோடதை எடுத்துக்கோ, வீணாத்தானே போகுது."

"அப்படி எடுக்கக் கூடாது அத்தை. நெறிமுறைக் குழு சம்மதிக்கணும்."

"என்னோடதுக்கு எவன் சம்மதிக்கணும்?"

"நீங்களும் கையெழுத்துப் போடணும். யாரும் கட்டாயப்படுத்தலன்னு."

"நீ என் மகனைக் கட்டும்போது யாரும் என்கிட்ட இப்படிக் கேக்கல," என்றார். இவர் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். தாள் குலுங்கியது.

இந்த வீட்டில் இப்படிச் சிரித்து நாளாயிற்று. நான்தான் காரணமாக இருந்திருக்கிறேன் போல.

மார்ச் 7, வெள்ளி

அனுப்பிவிட்டேன். முதல் வரி: 'எங்கள் முந்தைய முடிவுகள் தவறான செல்களில் பெறப்பட்டவை.' அந்த வரியை நடுவிலும் வைத்துப் பார்த்தேன், முடிவிலும் வைத்துப் பார்த்தேன். முதலில்தான் கனமில்லாமல் இருந்தது. இவர் வாசித்துவிட்டு, "இப்போ முதல் வரியிலயே வியாதி தெரியுது," என்றார்.

ஏப்ரல் 24, வியாழன்

தலைவர் வராந்தாவில் நிறுத்தி, ஏதாவது தகவல் உண்டா என்றார். நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள் என்றேன். "சின்ன நிதிதானே," என்றார். சின்னதோ பெரியதோ நிதி நிதிதான், அறைக்கு அது போதும் என்று விதியிலேயே இருக்கிறது என்றேன். விதியை இம்முறை கடைசிப் பக்கம்வரை படித்திருந்தேன்.

மே 20, செவ்வாய்

நேர்காணல். நீள மேசை, அதன் பின்னால் மூன்று நிபுணர்கள், ஓரத்தில் அந்த அதிகாரி. நேரில் பார்த்தால் என்னைவிட இளையவள். ஜலதோஷம்போல, மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள்.

நடுவிலிருந்தவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஆக, நீங்க தப்புன்னு நிரூபிக்க நாங்க பணம் தரணும்."

"தப்பா சரியான்னு பாக்க சார்."

"திரும்பச் செஞ்சு ஒண்ணுமே இல்லன்னு வந்தா?"

"இல்லன்னு எழுதுவேன். இருக்குன்னு என்னை நம்பிப் பல பேர் இதுல இறங்கியிருக்காங்க. அவங்க காலமாவது மிச்சமாகும்."

"இருக்குன்னு வந்தா?"

அதற்குப் பதில் தயார் செய்யவில்லை. இல்லை என்பதற்குத்தான் இத்தனை நாளும் என்னைத் தயார் செய்திருந்தேன்.

"வந்தா... சிறுநீரகம் கெடறது அஞ்சாறு வருஷம் முன்னாடியே தெரியலாம் சார். அப்போ மருந்துக்கு வேலை இருக்கும்."

அவர் எதையோ குறித்துக்கொண்டார். ஓரத்தில் அதிகாரி தும்மினாள். வெளியே வந்து மாணவிக்குச் சொன்னபோது, "தும்மல் நல்ல சகுனமா மேடம்?" என்றாள். ஆராய்ச்சி பண்றவ கேக்கற கேள்வியா இது என்றேன். ஒரு தும்மலா இரண்டா என்று நானும் மனதில் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

ஜூன் 16, திங்கள்

தகவல் இல்லை.

ஜூன் 27, வெள்ளி

இல்லை. மாணவி ஏதோ ஒரு வெறும் திரவத்தில் கை பழக்கிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு குடுவைக்கும் புதுக் குழாய். நான் சொல்லவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

நிதி ஆகஸ்டில் வந்தது, அறை தப்பியது. நெறிமுறைக் குழுவின் கையெழுத்து ஒருவழியாகப் போன வாரம்தான் வந்தது. இன்று மருத்துவமனையில் முதல் மாதிரி.

முதல் ஆள் ஒரு பேருந்து ஓட்டுநர். சர்க்கரை வந்து வருடங்கள் ஆகின்றன, சிறுநீரகம் இன்னும் நன்றாகவே இருக்கிறது. சம்மதப் படிவத்தை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். அவசரமில்லை, எப்போது வேண்டுமானாலும் மறுக்கலாம் என்றேன்.

"இதனால எனக்கு ஏதாவது லாபம் உண்டா டாக்டரம்மா?"

"உங்களுக்கு இப்போதைக்கு இல்ல. நாங்க முன்னாடி சொன்னது நிஜமான்னே இனிமேதான் பாக்கணும்."

"அது சரி. முதல்ல நிஜமான்னு பாக்கறது நல்லதுதான்." பேனாவைத் திறந்தார், போடாமல் நிறுத்தினார். "யார் பணம் குடுக்கறாங்க இதுக்கு?"

"அரசாங்கம்."

"அப்ப என் பணம்."

"ஆமா. உங்க பணம்தான்."

கையெழுத்துப் போட்டுவிட்டு, மூடியோடு கூடிய கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "போட்ட பணத்துக்கு மேல இதையும் கேக்கறீங்க," என்று சொல்லிக் கழிவறைக்குள் போனார்.

நானும் மாணவியும் பனிக்கட்டிப் பெட்டியோடு வெளியே நின்றோம். செல்கள் சாவதற்குள் ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டி வாசலில் தயாராக இருந்தது. நேரம் ஆனது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"அம்மா, வெளிய ஆள் நிக்கறது தெரிஞ்சா எனக்கு வராது," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் சத்தமில்லாமல் வராந்தாவின் கோடிக்கு நடந்தோம்.