மெர்சிக்குக் கொடுத்த நாவல்

நவம்பர் 18, செவ்வாய்

மழைக்காலம் வந்தால் என் வாடகை நூலகத்தில் திகில் நாவல்களைத்தான் கேட்பார்கள். போன வாரம் நானே தேடி எடுத்து எதிர்வீட்டு மெர்சியிடம் ஒன்றைக் கொடுத்தேன். புயலில் காணாமல்போன கணவனை ஒருத்தி தேடும் கதை. அன்று அவள் புருஷன் கரையில்தான் இருந்தான். எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

இன்று துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள். திரேஸ்புரத்து மீன்பிடிப் படகுகள் திரும்பிவிட்டன, மெர்சி புருஷன் போன படகைத் தவிர. சாயங்காலம் மெர்சி நனைந்துகொண்டே வந்தாள். புத்தகத்தைத் திருப்பித் தரத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா, கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அதுல அவன் திரும்பி வந்துட்டா எங்க வீட்டுக்காரரும் வந்துருவாருன்னு மனசுல நெனச்சிருக்கேன். வாரானா, சொல்லுங்க."

"வந்துருவான் ளா, மெர்சி" என்றேன்.

"அப்போ ராத்திரி படிச்சு முடிக்கேன்." புத்தகத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். பிடுங்கி வைத்திருக்க வேண்டும். கை எழவில்லை.

நாவலில் அவன் வருவதில்லை. கடைசிப் பக்கத்தில் அவன் சட்டையை வைத்துத்தான் மனைவி பிணத்தை அடையாளம் காட்டுகிறாள்.

மழை விடவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். மெர்சி வீட்டில் இன்னும் விளக்கு எரிகிறது.